ஹார்மன் வாசிக்காமல் விட்டது

எங்கள் ஊரில் ஹார்மன் வெசலிங்கிடம் கன்னத்தைக் கொடுக்காத ஆண்பிள்ளை கிடையாது, பாதிரியார் உட்பட. கை அவ்வளவு லேசு. வாய் மட்டும் ஓயாது. சனிக்கிழமை மதியம் அவன் சவரக் கடையில் பத்துப் பேராவது முறைக்குக் காத்திருப்போம். பக்கத்துச் சுருட்டுக் கடை என்னுடையது. கடையைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு நானும் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அவனுக்கு ஒரே மகன், லுபர்ட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் பட்டாளத்துக்குப் பிடித்து, விடுதலை கேட்டு எழுந்த எங்கள் காலனி ஜாவாவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே நடப்பதைப் போர் என்று சொல்லக் கூடாது. ‘போலீஸ் நடவடிக்கை’ என்று அரசாங்கம் பெயர் வைத்திருந்தது. ரேடியோவிலும் பிரசங்கத்திலும் அதே சொல்தான். ஐந்து வருஷம் ஜெர்மன்காரன் காலடியில் கிடந்து அப்போதுதான் எழுந்தவர்கள் நாங்கள். அடுத்தவன் வீட்டில் நுழைந்து ஒழுங்கு கற்பிக்கிறோமே என்று ஏன் உறைக்கவில்லை? தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

படகுக்கார வோல்டர் ஒருத்தன்தான் வாயைத் திறந்தான். “போலீஸ் வேலைக்கு எதுக்குப்பா பீரங்கி? சைக்கிள் திருடனைச் சுடவா?”

“என் பையன் அங்க இருக்கான். நீ வேற கடையப் பாரு” என்றான் ஹார்மன். ஊரில் வேறு கடை ஏது? வோல்டர் தாடி வளர்த்துக்கொண்டான். அதையும் சொல்லிச் சிரித்தோம்.

லுபர்ட்டின் கடிதம் வந்தால் அந்தச் சனிக்கிழமை ஹார்மன் கத்தியை வைத்துவிட்டு உரக்க வாசிப்பான். நெல் வயல், மழை, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கேட்டவர்கள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். ஜாவாவைப் பற்றி எங்கள் ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் கேட்டதுதான்.

இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய நான்கு தாள்; வாசிப்போ இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரு தடவை வெந்நீர் எடுக்க உள்ளே போனவன் கடிதத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். பிறர் கடிதம் பார்ப்பது தப்புதான். பார்த்தேன்.

‘நேற்று ஒரு கிராமத்தைக் கொளுத்தினோம். உள்ளே கிழவர்கள் இருந்தார்கள். போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஆற்றங்கரைப் பண்ணைகளை ஜெர்மன்காரன் என்ன செய்தான் என்று நினைவிருக்கிறதா அப்பா? நாங்கள் செய்வதும் அதேதான். இதைக் கடையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.’

ஹார்மன் திரும்பி வந்து நெல் வயலிலிருந்து தொடர்ந்தான். நான் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டேன்.

ஐம்பதில் லுபர்ட் திரும்பினான். அப்பன் இரண்டாவது நாற்காலி வாங்கிப் போட்டு, ‘வெசலிங்க் & மகன்’ என்று பலகையும் எழுதி வைத்திருந்தான். வந்த முதல் சனிக்கிழமை மகனைத் தானே உட்காரவைத்து நுரை போட்டான்.

ரொட்டிக்கடை எவர்ட் ஆரம்பித்தான். “என்ன தம்பி, அங்க பிள்ளைங்களுக்கெல்லாம் சாக்லேட்டா குடுத்துத் தள்ளினியாமே!”

“ஒரு நாள் குடுத்தேன். மத்த நாள் அவங்க வீட்டக் கொளுத்தினோம்.”

எவர்ட் மெதுவாகச் சிரித்தான். “உன் கடுதாசி ஒண்ணு விடாம கேட்டிருக்கோம்பா. அப்படி ஏதும் நீ எழுதலையே. காய்ச்சல்ல கண்டதும் தோணும். ரெண்டு மாசம் நல்லாச் சாப்பிட்டாச் சரியாயிடும்.”

லுபர்ட் அப்பனைப் பார்த்தான். அதுவரை அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. “அப்பா, வாசிக்கலையா?”

ஹார்மன் சோப்புக் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

“அந்தக் கடுதாசிய எடுங்க. இப்ப வாசிங்க.”

ஹார்மன் இழுப்பறையிலிருந்து கடிதக் கட்டை எடுத்தான். ஒரு தாளைப் பிரித்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வெகு நேரம் விரித்தபடியே வைத்திருந்து, பிறகு மடித்தான். “இதுல அப்படி ஒண்ணும் இல்லப்பா.”

மகன் நினைத்திருந்தால் ஒரே இழுப்பில் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. அப்பன் வாயால் வரவேண்டும் என்று காத்திருந்தான். பதினொரு பேர் இருந்தோம். அந்தத் தாளுக்கு மிகப் பக்கத்தில் நான். என் கை முழங்காலை விட்டு நகரவில்லை. லுபர்ட் துண்டை எடுத்து நுரையைத் துடைத்தான், முகம் மழிக்காமலே வெளியே போனான். அந்த இலையுதிர் காலத்திலேயே கனடாவுக்குக் கப்பலேறிவிட்டான். கடிதம் போட்டதில்லை. அப்பனுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பான்.

அதற்கப்புறம் ஹார்மன் கடையில் பேச்சு குறைந்தது. பதினைந்து வருஷம் கழித்துக் கை நடுங்க ஆரம்பித்ததும் கடையை மூடினான். கடைசி நாட்களில் அவனுக்குச் சவரம் செய்துவிட்டவன் நான். ஒரு காலையில் நுரையோடு என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“ரூலோஃப், அந்தக் கடுதாசிய நீ படிச்சிருந்தேல்ல?”

“படிச்சேன்.”

“அன்னிக்கி நீ கைய நீட்டியிருந்தா குடுத்திருப்பேன்டா. நீட்டுவேன்னுதான் மடிக்காம அவ்வளவு நேரம் வச்சிருந்தேன்.”

“நீயே வாசிச்சிருவேன்னு நெனச்சேன்” என்றேன்.

பொய். எங்கே வாசித்துவிடுவானோ என்று பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.