மேல்வீட்டு அக்கா

கொத்தனார் வீட்டுக்கு மாடிப்படி உண்டு, மாடி கிடையாது. பதினெட்டுப் படிகள் நேர்த்தியாக ஏறிப்போய் வெட்டவெளியில் முடியும். ஊரார் வீட்டுக்கெல்லாம் மாடி எழுப்பிய மனுஷன்தான். ஆனால் தன் வீட்டுக்கென்று செங்கல் சேர்க்கும்போதெல்லாம் யாருக்காவது சுவர் இடிந்து தொலைக்கும், செங்கல் அங்கே போய்விடும். “மேல எப்போ கட்டப் போறீங்க?” என்று கேட்டால், “மேலதான் கட்டிக்கிட்டே இருக்கேன்” என்று வானத்தைக் காட்டிச் சிரிப்பார். இங்கே கொடுப்பதெல்லாம் ஆண்டவரிடத்தில் வீடாக எழும்புகிறது என்பது அவர் நம்பிக்கை. சபையில் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பாவம், அவர் மனைவிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ‘மேல்வீட்டு அக்கா’ என்று யாராவது கூப்பிட்டால் திரும்பியே பார்க்கமாட்டாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நீராவியில் வெந்துவிட்டு வருகிறவள். வீட்டிலோ மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். இருக்கிற ஒற்றை அறைக்கு ஜன்னல் இல்லை. அவள் நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா? ஒரே ஒரு ஜன்னல் கேட்டாள். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிறாள்.

இந்த வருஷம் எப்படியோ செங்கல் நிறைந்துவிட்டது. “இது உனக்குத்தான். யார் வந்து கேட்டாலும் கிடையாது” என்று கொத்தனார் அடித்துச் சொல்லிவிட்டார். அவளும் நீலப்பூப் போட்ட துணி வாங்கி, வராத ஜன்னலுக்குத் திரை தைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து இன்னும் துணிகூட மாற்றவில்லை, படியில் யாரோ தடதடவென்று ஏறுகிற சத்தம். சபைக்குப் புதிதாக வந்த பூட்டு ரிப்பேர்காரர். கீழே அவருடைய நிறைமாத மனைவி மூட்டையோடு நின்றிருந்தாள்.

“அக்கா, கதவு எங்கக்கா இருக்கு?” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

“என்ன கதவு?”

“மேல்வீட்டுக் கதவு. மழையில எங்க வீட்டுச் சுவர் விழுந்திருச்சுக்கா. உங்களுக்கு மேல ஒரு வீடு இருக்குன்னு சபையில எல்லாரும் சொல்றாங்களே, வாடகைக்குக் கேட்கலாம்னு...”

எந்தப் பூட்டையும் திறக்கிற மனுஷன், வெறும் ஆகாயத்தில் கதவு தேடிக்கொண்டு நின்றார். கொத்தனார் மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம்தான் அந்தப் பெண்ணின் வீங்கிய கால்களைப் பார்த்தாள்.

கொத்தனார் செங்கலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “அந்த வீடு இங்க இல்லப்பா. வேற யார்கிட்டயாவது கேட்டுப் பார்ப்போம்” என்றார். இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, திரையை மடியில் போட்டுக்கொண்டாள். “ஒரு ஜன்னல்தானே ஆண்டவரே கேட்டேன்? அதுக்கும் ஆள் அனுப்பணுமா?” என்று வாய்விட்டே கேட்டு அழுதாள். வெளியே அந்தப் பெண், நிற்க முடியாமல் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எப்பம்மா நாள் சொல்லியிருக்காங்க?” என்று கேட்டுக்கொண்டே அவள் வெளியே வந்தாள்.

“இன்னும் பத்து நாள்தான் அக்கா.”

பத்து நாளில் மாடி எழும்பாது, ஒரு சுவர் எழும்பும். கொத்தனார் பெண்டாட்டிக்கு இது தெரியாதா என்ன?

“என்னங்க, செங்கலை இவங்க வீட்டுல கொண்டுபோய் இறக்குங்க.”

“அப்போ உனக்கு?”

“எனக்குத்தான் மேல இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்களே.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அங்க ஜன்னல் இருக்கும்ல? கேட்டு வைங்க. கிழக்கு பார்த்து இருக்கணும்.”

சிமெண்ட் அரித்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு கொத்தனார் குலுங்கி அழுதார்.

அந்த ஒரு வாரமும் அந்தப் பெண்ணுக்குக் கட்டில், இவர்களுக்குத் தரை. சுவர் எழும்பியது. அதில் கொத்தனார் ஒரு ஜன்னல் வைத்தார். நீலப்பூத் திரையை அவளே கொண்டுபோய் மாட்டினாள்.

குழந்தை பிறந்து சில நாள் கழித்து, சலவைக்கூடத்திலிருந்து அந்த வீட்டு வழியாக வந்தாள். திரை விலகியது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தாயின் தோளில் ஒரு சின்ன முகம்.

“மேல்வீட்டு அக்கா! உள்ள வாங்கக்கா!”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“இதோ வந்துட்டேன்டி” என்றாள்.