பாதி அணி

எண்பதுகளின் நடுவில் எங்கள் கல்லூரிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். பதினெட்டு வருஷம் கணக்கு நடத்தியவன் என்பதால் மாலை நேர டிப்ளமோ வகுப்பு என் தலையில் விழுந்தது. கணக்கு தெரிந்தவனுக்கு இதெல்லாம் என்ன பிரமாதம் என்று இருந்தேன்.

செய்முறைத் தேர்வில் ஒரு கேள்வி. ஒன்று முதல் ஒன்பது வரை எண்களை வரிசைக்கு மூன்றாக அடுக்கிய சதுர அணியை, இன்னொரு அணியின் துணையில்லாமல், இருந்த இடத்திலேயே வலப்பக்கமாகக் கால் சுற்று திருப்பவேண்டும். கிடை வரிசைகளான நிரைகளை நெடுக்கு வரிசைகளான நிரல்களாக்கி, பிறகு ஒவ்வொரு நிரையையும் இடவலமாகப் புரட்டினால் முடிந்தது. மருங்காபுரியிலிருந்து வந்து படித்த பெண் கடைசி ஆள். தாளில் எழுதிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள், கரன்ட் போய்விட்டது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்கு அவசரம். "தாளைப் பாத்தே மார்க் போட்டுடுங்க சார்" என்றார்.

மூலைவிட்டத்துக்கு மேலே உள்ள எண்களை மட்டும் எடுத்துக் கீழே உள்ளவற்றோடு மாற்றியிருந்தாள்.

"பாதி அணியைத் தொடவே இல்லியேம்மா?"

"முழுசும் ஓட்டினா, மாத்தினது திரும்ப மாறிடும் சார்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஃபெயில் மார்க் போட்டேன்.

"இந்த வருஷம் போச்சுன்னா வீட்ல மறுபடி அனுப்ப மாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேர்வாளர் தாள்களைக் கட்டி முடிப்பதற்குள் கரன்ட் வந்தது. முழு அணியையும் மாற்றுகிற என் முறைப்படி எழுதி ஓட்டினேன். மேல் வரிசையில் 7 4 1 வரவேண்டும். 3 2 1 வந்தது. அணி திரும்பவில்லை, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருந்தது, அவ்வளவுதான். முதல் நிரையில் இடம் மாறிய 2-ம் 4-ம், இரண்டாம் நிரைக்கு வந்தபோது மறுபடி மாறிப் பழைய இடத்துக்கே போயிருந்தன. கரும்பலகையில் எல்லாம் ஒரே சமயத்தில் மாறுவதாகவே நினைத்துப் பழகியவன் நான். இயந்திரம் ஒவ்வொன்றாகத்தான் செய்யும். வெட்கமாக இருந்தது.

"விடுங்க சார், யாரு கேக்கப் போறா?" என்றார் தேர்வாளர். அந்தப் பேச்சு ஒரு நிமிஷம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிறகு மார்க்கை அடித்துத் திருத்தி, தவறு என்னுடையது என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மணப்பாறை வழியாக மருங்காபுரி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழுத முகம்.

"நீ எழுதினதுதாம்மா சரி. மார்க்கைத் திருத்திட்டேன்."

அவள் மார்க்கைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்ப என் புரோகிராம் ஓடிச்சா சார்?" என்றாள்.

"இல்லம்மா. என்னோடதைத்தான் ஓட்டிப் பாத்தேன்."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"அடுத்த பஸ்ல போய்க்கறேன் சார். ரூமைத் திறந்து விடுங்க."