இரண்டாம் குழாயில் ஆண் ஜீன்

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குத் தராசு என்றுதான் பெயர். கை அவ்வளவு நிதானம். எட்டுக் குழாய்கள் ஒட்டிய பிளாஸ்டிக் பட்டையில் தலை எது, வால் எது என்று பார்த்தால் தெரியாது. அதனால் மற்றவர்கள் முதல் குழாயின் மூடியில் பேனாவால் புள்ளி வைப்பார்கள். தராசு அதை விட்டு வெகுகாலமாகிறது. தனக்கெதற்குப் புள்ளி என்ற நினைப்பு.

அன்று காலை கணினிக்காரர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"தராசக்கா, ரெண்டாவது குழாய் ஒரு அம்மாவோடதுதானே? ஆம்பளை ஜீன் துள்ளுது! மீசை கீசை இருக்கான்னு பாத்தீங்களா?"

செல்லுக்குள் புரதம் தயாரிக்கிற ரைபோசோமுக்கு ஓர் உறுப்பைச் செய்யும் ஜீன் அது. அதன் ஒரு வடிவம் ஒய் குரோமோசோமில், அதாவது ஆண்களிடம் மட்டும் இருக்கும். ரத்த மாதிரிகள் இடம் மாறினால் காட்டிக்கொடுத்துவிடும்.

"வார்டுல மாத்தியிருப்பாங்க," என்றாள் தராசு, யோசிக்காமலே.

வார்டில் ரத்தம் எடுப்பவள் அவளுடைய சொந்த அண்ணி. மேலாளர் அண்ணியைப் பரிசோதனைக்கூடத்துக்கு வரவழைத்து, எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். "இனிமே நீங்க ஊசியத் தொடவேணாம்!" அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினாள்.

பிறகுதான் தராசு மீதி முடிவுகளைப் பார்த்தாள். ஏழாவது குழாய் ஓர் ஆணுடையது. அதில் அந்த ஆண் ஜீனே இல்லை. முன்னாலிருந்து இரண்டாவது, பின்னாலிருந்து இரண்டாவது. புள்ளி வைக்காத பட்டையை அவளேதான் கருவியில் திருப்பிப் போட்டிருக்கிறாள்.

மேலாளரின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். "நீங்களா?" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அண்ணி வார்டின் பின்னறையில் பஞ்சு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடது அண்ணி. சார்கிட்ட சொல்லிட்டேன்."

அண்ணியின் கை நின்றது. "நான் ஏன் எதிர்த்துப் பேசல தெரியுமா? உன் கை தப்பாதுன்னு நெனச்சேன். எங்க கோட்டை விட்டேன்னு இவ்வளவு நேரமா மண்டையக் கொழப்பிக்கிட்டிருக்கேன்."

"மன்னிச்சிருங்க அண்ணி."

"சார்கிட்ட எங்க வச்சுச் சொன்ன?"

"அவர் ரூம்ல."

"என்னை எங்க வச்சுத் திட்டினாரு?"

இருவரும் பரிசோதனைக்கூடத்துக்கு நடந்தார்கள். அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க," என்றாள் தராசு. கணினிக்காரர் ஏதோ வேடிக்கை என்று நினைத்து, சிரித்த முகமாகத் திரும்பினார்.