பாட்டுக்கு அடியில் பேசிய வீடு

பழைய பாட்டைக் கேட்டால் பழைய நாட்கள் ஞாபகம் வரும் என்பார்கள். அம்சவேணிக்கும் வரும். ஆனால் ஊரில் மற்றவர்களுக்கு வருகிற மாதிரி இனிப்பாக வராது.

எண்பத்தைந்தாம் வருஷம், பக்கத்து வீட்டு நசீமுன்னிசாவின் தம்பி துபாயிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். அன்று முதல் சத்துவாச்சாரியில் அந்தத் தெருவுக்கே காலை பழைய சினிமாப் பாட்டோடுதான் விடிந்தது. நசீமுன்னிசா மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கண் சொருக நிற்பாள்.

"இந்தப் பாட்டு கேட்டா என் நிக்காஹ் ஞாபகம் வருது அம்சா. உனக்கு இன்னா ஞாபகம் வருது?"

"எனக்கா? 'போயும் போயும் பஞ்சப்பட்ட கும்பல்ல பொண்ணு எடுத்தோமே'ன்னு எங்க அத்தை சொன்னது ஞாபகம் வருதுக்கா. இந்தப் புல்லாங்குழல் வர்ற இடத்துலதான் சொன்னாங்க."

"தோபா தோபா! பாட்டுக்கு நடுவுலயா?"

"நடுவுல இல்ல. அடியில."

அம்சவேணி பிறந்தது குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில். அடுக்களைக்கும் விசைத்தறிக் கொட்டகைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். தறி ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. அங்கே பேச்சு என்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே சொல்வதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்சவேணிக்குச் சின்ன வயசிலேயே இரண்டும் கைவந்துவிட்டது. கொட்டகையின் அந்தக் கோடியில் அப்பா உதட்டை அசைத்தால் இந்தக் கோடியில் இவள் நூலை எடுத்து நீட்டுவாள். அதையெல்லாம் ஒரு திறமை என்று அங்கே யாரும் எண்ணியதில்லை.

எழுபத்து நாலில் அவளைக் கட்டிக்கொண்ட ராஜவேலுவின் குடும்பமும் நெசவுக் குடும்பம்தான். ஆனால் தறியை விட்டு ஒரு தலைமுறை ஆயிற்றாம். அதை மாமியார் தனபாக்கியம் சொல்லும்போது ஏதோ சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி இருக்கும். ராஜவேலு ஆம்பூரில் தோல் கம்பெனி குமாஸ்தா. அம்மா வாயில் அவன் 'ஆபீஸர்'. ஆபீஸர் வருகிற பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். வீட்டுக்குள் அவன் கால் வைக்கும் முன்பே தோல் நாற்றம் கால் வைத்துவிடும். முகம் கழுவிக்கொண்டு கழுத்து நிறைய பவுடரைக் கொட்டிக்கொள்வான். அதற்கப்புறம் பவுடர் போட்ட தோலாக நாறுவான். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது, அது கௌரவம். மருமகள் "சாப்ட வாங்க" என்று கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டுவிட்டால் மட்டும் மானம் போய்விடும்.

"இன்னாடி இது, மைக்செட்டு முழுங்கினவ மாதிரி! இது குடும்பம் நடத்துற வீடு. தறிக்கொட்டாய் இல்ல."

கௌரவமான வீட்டில் புறம் பேசுவதற்கும் ஒரு முறை இருந்தது. கூடத்து ரேடியோவுக்குப் பூப்போட்ட உறை. சாயங்காலம் தனபாக்கியம் அந்த உறையை விலக்கி, சத்தத்தைத் திருகி ஏற்றுவாள். அம்மாவும் பிள்ளையும் தலையோடு தலை சேர்த்துக்கொள்வார்கள். அடுக்களை வாசலில் அரிசி பொறுக்குகிற மருமகளுக்குப் பாட்டு மட்டும்தான் எட்டும் என்று நம்பிக்கை. பாட்டு காதில் விழுந்தது. மிச்சமெல்லாம் கண்ணில் விழுந்தது.

தாலாட்டுப் பாட்டுக்கு அடியில், "இவ வயிறு இன்னும் தெறக்கலியே" என்ற பேச்சு. கல்யாணப் பாட்டு ஓடும்போது, அவள் வீட்டுச் சீராக வந்த எவர்சில்வர் குடத்தைச் சுண்டிப் பார்த்து "தகரம்" என்று சுழித்த உதடு. அந்தக் குடத்தில் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அவளுக்குத் தண்ணீரோடு அந்த உதடும் தளும்பும். ஆனாலும் அவள் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவார்கள். அந்த வீட்டில் வேறு என்ன பொழுதுபோக்கு இருந்தது?

நாலாவது வருஷம், ஆனிக் கடைசியில், தனபாக்கியம் திடீரென்று பாசமானாள்.

"ஆடி வருது. அம்மா வூட்டுக்குப் போய் நிம்மதியா இருந்துட்டு வாயேன் அம்சா."

தலை ஆடிக்குக்கூட அனுப்ப மனசு வராமல், வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று நிறுத்தி வைத்தவள். அம்சவேணிக்கு உறைத்தது. அன்று சாயங்காலம் முறத்தோடு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். ரேடியோவில் ஒரு சோகப் பாட்டு. தனபாக்கியத்தின் உதடு மட்டும் குதூகலமாக அசைந்தது.

"போனா போனதுதான். நீ கூப்டப் போவாத. நாட்றம்பள்ளில பொண்ணு தயாரா இருக்கு. ஆவணில முடிச்சிடலாம். இன்னா சொல்ற?"

அம்சவேணிக்கு இனி வேண்டியது ஒரே ஒரு உதடு. ராஜவேலுவோ அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பவுடர் பூத்த பிடரி மட்டும் தெரிந்தது. "வேணாம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை வருஷத்துப் பேச்சையும் கழுவி ஊற்றிவிடலாம். அவன் தலை அசைந்தது. என்ன சொன்னான்? மாமியார் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நம்பித் தன் வாழ்க்கையை முடிவுசெய்ய அவள் தயாராக இல்லை. எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினாள்.

பாட்டு அறுந்த இடத்தில் ராஜவேலுவின் குரல் தனியாக மாட்டிக்கொண்டது. பாட்டை மீறிப் பேசிய அதே உரத்த குரல். "—நீயே சொல்லி அனுப்பிடும்மா. அவ மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது."

"எந்த மூஞ்சிங்க? இந்த மூஞ்சியா?"

கேட்டது தறிக்கொட்டகைக் குரல். தெருக்கதவு திறந்தே கிடந்தது.

"நாட்றம்பள்ளிப் பொண்ணுக்கு இன்னா வயசு அத்தை? ஆவணில எந்த முகூர்த்தம்?"

தனபாக்கியம் பதறி எழுந்தாள். "அடிப்பாவி, ஒட்டுக் கேட்டியா?"

"கேக்கல. பாத்தேன். வந்த நாள்லேர்ந்து உங்க வாயத்தான் பாத்துனு இருக்கேன்."

"மெதுவாப் பேசுடி, தெருவுல கேக்குது!"

"கேக்கட்டும்! என்னை ரெண்டு ஆஸ்பத்திரில காட்னீங்க. ஒரு கொறையும் இல்லன்ட்டாங்க. உங்க ஆபீஸரை ஒரு ஆஸ்பத்திரிலயாவது காட்னீங்களா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் நசீமுன்னிசாவின் அம்மிச் சத்தம் நின்றது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஆபீஸர் செருப்பைத் தேடினான்.

சத்துவாச்சாரியிலிருந்து நாட்றம்பள்ளி போக நமக்குத்தான் டிக்கெட் வேண்டும், சேதிக்கு வேண்டாம். ஆடி பிறக்கும் முன்பே அங்கிருந்து 'ஜாதகம் பொருந்தவில்லை' என்று தகவல் வந்தது. அவர்களும் கௌரவமான குடும்பம் போலிருக்கிறது.

அந்த ஆடியில் வீட்டை விட்டுப் போனவன் ராஜவேலுதான். கம்பெனியில் வேலை ஜாஸ்தி என்று ஆம்பூரிலேயே தங்கிக்கொண்டான். அவனைக் கூப்பிட அம்சவேணி போகவில்லை. ஆடி முடியும் தறுவாயில் அழுக்குத் துணி மூட்டையோடு தானே வந்தான். வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவன் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, சத்தமே வராமல் உதட்டை அசைத்தான். "நாளைக்கு நானும் வர்றேன். ஆஸ்பத்திரிக்கு."

அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. துடைப்பத்தைக் கையில் தட்டிச் சீராக்கிக்கொண்டாள்.

"இன்னா சொன்னீங்க? காதுல வுழல. சத்தமா சொல்லுங்க."