கப்பலில் சாப்பிடக் கூப்பிடுவது யார்?

அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்குக் கப்பல் பயணம் பதிவு செய்ய, இன்று கோவை காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸுக்குப் போனோம்.

"ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குங்க. ரெண்டாம் நாள் மட்டும் சார் கோட்டுப் போடோணும், அம்மா பட்டுச்சேலை கட்டோணுமுங்க" என்றார் டிராவல்ஸ்காரர்.

அம்மா கேட்டார்: "சாப்பிட யாருங்க வந்து கூப்பிடுவாங்க?"

"யாரும் கூப்பிட மாட்டாங்க. நீங்களே போய் உட்கார்ந்துக்கலாமுங்க."

அம்மா கைப்பையை மூடிவிட்டார்.

"பட்டுக் கட்டிட்டு வரச் சொல்றீங்க. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லைங்கறீங்க. கூப்பிடாத எடத்துல நாங்க கை நனைக்கறதில்லீங்க."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அவர் இந்தப் பயணத்துக்கென்று முன்பே கோட்டு தைத்து வைத்துவிட்டார்.

நல்லவேளை, டிராவல்ஸ்காரர் எங்கள் பக்கத்துச் சூலூர்க்காரர்; கூப்பிடும் முறை தெரிந்தவர். எழுந்து நின்று கும்பிட்டார்.

"ஏனுங்கம்மா, அப்ப நானே கூப்பிடறனுங்க. தினமும் ஆறரைக்குப் போன் பண்ணிப்போடறேன். தட்டாம வந்து சாப்பிடோணும்."

அம்மா உடனே கையெழுத்துப் போட்டார்.

நடுக்கடலில் போனுக்கு டவர் கிடைக்காது என்று நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

உங்களில் யாராவது அந்தக் கப்பலில் வந்தால், எங்கள் அம்மாவை ஒரு வார்த்தை சாப்பிடக் கூப்பிட்டுவிடுங்கள். அப்பாவைக் கூப்பிட வேண்டியதில்லை. அவர் ஆறு மணிக்கே கோட்டோடு போய் உட்கார்ந்திருப்பார்.