பிரேக்கக்கா காலை மடக்கிப் போன பயணம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அந்தம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஊருக்கெல்லாம் அவள் பிரேக்கக்கா. டிரைவிங் ஸ்கூல் காரில் பழகுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக் என்று இரண்டு இருக்கும் இல்லையா, அந்த இரண்டாவது பிரேக்கில்தான் அவள் பிழைப்பு ஓடியது. பிரேக்கில் எப்படிப் பிழைப்பு ஓடும் என்று குறுக்கே கேட்காதீர்கள், ஓடியது.

அவள் மிதிப்பதில் ஒரு சூட்சுமம் இருந்தது. மற்ற வாத்தியார்கள் மிதித்தால் வண்டி தூக்கிப்போட்டு நிற்கும். பழகுகிறவன் முகம் செத்துப்போகும். இவள் மிதித்தால் பூனை படியிறங்குகிற மாதிரி இருக்கும். வண்டி நின்றதும், ‘அட, நானே நிறுத்திட்டேனே!’ என்று பழகுகிறவன் நெஞ்சை நிமிர்த்துவான். அப்படி நிமிர்த்தினவன் மறுநாள் நிஜமாகவே நிறுத்துவான். இதை அவள் ஒருத்தரிடமும் சொன்னது கிடையாது. சொல்லிவிட்டால் மருந்து பலிக்காது.

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை காரிலேயே இருந்தாள், ஆனால் எங்கேயும் போனவள் இல்லை. ஸ்கூல் வாசலில் கிளம்பினால் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, தபால் ஆபீஸ் சந்தில் ரிவர்ஸ் எடுத்து, மறுபடி ஸ்கூல் வாசல். செக்குமாட்டுக்காவது எண்ணெய் வாசனை மிச்சம். இவளுக்குக் கருகின கிளட்ச் வாசனைதான்.

ஸ்கூல் ஆபீசில் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய காலண்டர் தொங்கும். மாதங்களைக் கிழித்துத் தீர்த்த பிறகும் படத்துக்காக யாரோ விட்டுவைத்திருந்தார்கள். பாலைவனத்தில் ஒரு பெரிய மணல்மேடு, உச்சி கத்தி மாதிரி கூராக இருக்கும், அத்தோடு படம் முடிந்துவிடும். பழக வந்தவர்கள் கையெழுத்துப் போடுகிற நேரமெல்லாம் இவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் முதலாளியிடம் கேட்டே விட்டாள்.

“இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன சார் இருக்கும்?”

“மணல்தான் இருக்கும். வேற என்ன, உங்க மாமியார் வீடா இருக்கும்?”

அவள் சிரித்தாள், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணால் பார்க்காததை ஒத்துக்கொள்கிற ரகமில்லை அவள். அந்த மேட்டில் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே தீருவது என்று மனசில் முடிபோட்டு வைத்தாள்.

அவள் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வருகிறவர்கள் மூக்கின் மேல் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்டே பொறுமை பழகின மனுஷன். அவருக்கும் வண்டி ஓட்ட ஆசை. கேட்கிறபோதெல்லாம், “ஊருக்கே கத்துக்கொடுக்கிறேன், உங்களுக்கு மட்டும் மாட்டேன். நம்ம குடும்பம் தாங்காது” என்று முடித்துவிடுவாள்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டுப் பக்கத்தில் ஒரு அட்டையை வைத்தார். டிரைவிங் லைசென்ஸ்.

“எங்க கத்துக்கிட்டீங்க?”

“எதிர்த்தெரு மாஸ்டர்கிட்ட.”

கோழிப்பண்ணைக்காரி புருஷன் பக்கத்து வீட்டில் முட்டை கடன் வாங்கின மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. “உப்பு எடு” என்றால்கூட எடுத்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

ஆனால் அந்த லைசென்ஸ்தான் கடைசியில் கைகொடுத்தது. எப்படி என்றால், பாலைவனத்துக்குப் போக லீவு சொல்லி, முதலாளியிடம் ஸ்கூல் காரையே கேட்டு வாங்கி, எல்லாம் கூடிவந்த நேரத்தில், அவளிடம் பழகின ஒரு பேங்க் கிளார்க் டெஸ்ட்டில் பாஸ் பண்ணிவிட்டான். பாஸ் பண்ணின சந்தோஷத்தில் துள்ளி இறங்கி, கதவை அடித்துச் சாத்தினான். கதவிடுக்கில், கைகொடுக்க வந்த அவள் வலது கை. மணிக்கட்டு முறிந்து, முழங்கைவரை மாவுக்கட்டு.

“லீவு போச்சு” என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள், இடது கையைத்தான்.

“எங்கயும் போகலை. நான் ஓட்டுறேன்” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

“நீங்களா?”

“எனக்குக் கண்ணு நல்லா தெரியும்.”

“கண்ணுக்குத் தெரிஞ்சு என்ன, காலுக்குத் தெரியணுமே!”

“காலைப் பத்தித்தான் நானும் சொல்ல வந்தேன். ஒரே ஒரு நிபந்தனை. உன் பக்கத்து பிரேக்ல நீ காலை வைக்கக் கூடாது. ஒரு தடவை மிதிச்சாலும் சரி, மிதிச்ச இடத்திலேயே வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பிடுவேன். பாலைவனமும் கிடையாது, மணலும் கிடையாது.”

அவள் காலண்டர் மேட்டை நினைத்தாள். “சரி” என்றாள். அவள் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் சொல்லுக்கு வாய்தானே கட்டுப்படும், கால் கேட்குமா? தெருமுனை திரும்புவதற்குள் அவள் வலது கால் தானாக நீண்டது. அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு, கார் சீட்டிலேயே இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மடியில் மாவுக்கட்டுக் கை. வண்டி உச்சியில் திருகி வைத்த எல் போர்டு. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி புருஷன். இந்தக் கோலத்தில் நெடுஞ்சாலையில் போனால் யார் பக்கத்தில் வருவார்கள்? லாரிக்காரன்கூட நல்லபாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்கினான்.

முதலில் பெருநகரம். இரண்டு நாள் அங்கே சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு பாலைவனம் என்று ஏற்பாடு. நகரத்துக்குள் நுழைந்ததும் மணிக்கூண்டைப் பார்க்கலாம் என்று ரவுண்டானாவில் ஏறினார்கள். வெளியே வருகிற வழியை விட்டுவிட்டார். மறுபடி ஒரு சுற்று. மறுபடியும் விட்டார்.

“ஏங்க, அந்த மணிக்கூண்டு நம்மளைப் பார்த்துச் சிரிக்குதுங்க.”

“நாலு பக்கமும் பார்க்க வேணாமா? ஊர் பார்க்கத்தானே வந்தோம்!”

இப்படியே ஆயிற்று ஊர் பார்த்த கதை. ஓட்டலைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பி வரமாட்டார். நேரே போய், ஆற்றுப் பாலத்தைக் கடந்து, மீன் மார்க்கெட்டைச் சுற்றி, இன்னொரு பாலம் வழியாக அதே ஓட்டலுக்கு வருவார். அவள் பாதி நேரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். ‘மனுஷனுக்கு ஊர் சுற்றிப் பார்க்க எத்தனை ஆசை!’ என்றுதான் நினைத்தாள். வேறு விதமாக நினைத்திருக்க வேண்டியவள்தான், ஆனால் கால் மரத்துப்போனவளுக்கு மூளை எங்கே ஓடும்?

சிக்னலில் ஒரு போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். எல் போர்டைப் பார்த்தார், சம்மணத்தைப் பார்த்தார், மாவுக்கட்டைப் பார்த்தார்.

“கையை ஒடிச்சது இவர்தானாம்மா?”

“இல்லீங்க, இவர் இனிமேதான்” என்றாள்.

சிக்னல் விழுந்ததும் கண்ணாடிக்கடைக்காரர் வண்டியை மியூசியத்துக்கு விட்டார். மியூசியத்தில் ராஜா காலத்துச் சாரட்டு ஒன்று, தங்கமுலாம் பூசி, கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் முலாமைப் பார்த்தார்கள். இவள் குனிந்து அடியில் பார்த்தாள். “இதுல பிரேக் எங்கங்க இருக்கு?” என்று காவல்காரரைக் கேட்டாள். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. அவரும் குனிந்து தேடினார். இரண்டு பேரும் தேடியும் கிடைக்கவில்லை. “பாவம் அந்த ராஜா” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்கு ஓட்டலில் அவள் காலுக்கு அவரே தைலம் தேய்த்துவிட்டார். “இறக்கி வெச்சுக்கோயேன் காலை. வெறுமனே வை. மிதிக்காம இரு” என்றார்.

“பசிச்சவ முன்னால சோத்தை வெச்சுட்டு, பார்த்துக்கிட்டு மட்டும் இருன்னா முடியுமா? மடக்கியே வர்றேன், விடுங்க.”

மூன்றாம் நாள் நகரத்தை விட்டுக் கிளம்பினார்கள். கட்டடம் குறைந்தது, மரம் குறைந்தது, பிறகு புதரும் குறைந்தது. ஒற்றைத் தார் ரோடு, இரண்டு பக்கமும் பொலபொலவென்று மணல். எதிரே ஈ காக்கை இல்லை. நேர் ரோட்டில் கண்ணாடிக்கடைக்காரர் நன்றாகவே ஓட்டினார். அவளுக்கும் கொஞ்சம் தைரியம் வந்து, மரத்த காலை நீட்டித் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

“அதோ பாரு, வானமும் தரையும் சேர்ற இடம்! என்ன தெளிவு, என்ன தெளிவு!” என்று அவர் கையை நீட்டிக் காட்டின அந்த நேரம் பார்த்து, பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆட்டுமந்தை ரோட்டில் இறங்கியது.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மிதித்திருக்க மாட்டாளோ என்னவோ. இத்தனை வருஷப் பழக்கம், கால் தானாகப் போய்ப் பூனை மாதிரி அமுக்கியது. வண்டி மெத்தென்று நின்றது. முன்னால் வந்த கிடா, வண்டியின் நெற்றியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் வழியே போனது.

அவள் காலை வெடுக்கென்று இழுத்து மறுபடி மடக்கிக்கொண்டாள்.

ஆடு மேய்க்கிற அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். எல் போர்டை அண்ணாந்து பார்த்தாள்.

“பழகுற வண்டியா? அம்மாடி, என்ன பதமா நிறுத்துனீங்க! பழகினவனே இங்க ரெண்டு குட்டியை அடிச்சுட்டுப் போயிருக்கான். யாரு நிறுத்துனது?”

பாருங்கள், கேட்கிறவளுக்கு என்ன, கேட்டுவிட்டாள். பிரேக்கக்காவுக்கு ‘நான்தான்’ என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் தொழிலில் அவள் மிதித்த அருமையான மிதி அது. முதன்முதலாக ஒருத்தி வாய்விட்டுப் பாராட்டுகிறாள். ஆனால் சொன்னால் வண்டி திரும்பிவிடும். மேடு போச்சு, அந்தப் பக்கம் போச்சு.

“அவர்தாங்க” என்றாள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு கனைப்புக் கனைத்தார். “ஆமாம்மா. நாமதான்” என்றார். வண்டியை எடுத்தார்.

ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வெயில் சாய்ந்ததும் தொப்பி, தண்ணீர் பாட்டிலோடு நடக்க ஆரம்பித்தார்கள். நடைவழிக்கு அடையாளமாக மஞ்சள் தலைக் கம்புகள் நட்டிருந்தார்கள். அதோ, அதே மேடு. காலண்டரில் இருந்து இறங்கி வந்து உட்கார்ந்த மாதிரி, உச்சி கத்தியாக. அவள் ஓடிப்போய் ஏறியிருக்க வேண்டும். ஆனால் கால் கனத்தது. இரண்டடி ஏறினால் ஓரடி சரிந்தது. ஷூவுக்குள் மணல். மணலைக் கொட்டினாலும் உறுத்தல் போகவில்லை, ஏனென்றால் உறுத்தினது மணல் இல்லை. வண்டி ஓட்டத் தயாராகாத ஒருத்தனைக்கூட அவள் ‘தயார்’ என்று டெஸ்ட்டுக்கு அனுப்பினது கிடையாது. மந்திரி வீட்டுப் பிள்ளை வந்து நின்றபோதும் மாட்டேன் என்றவள். அப்பேர்ப்பட்டவள் இப்போது பொய் சொல்லி ஏறுகிறாள்.

உச்சிக்கு இன்னும் நாலைந்து எட்டுதான். நின்றுவிட்டாள்.

“ஏங்க, நில்லுங்க. நான் அந்தப் பக்கம் பார்க்கலை. கீழ போயிடலாம்.”

“என்னம்மா, மூச்சு வாங்குதா?”

“ஆட்டுக்கு முன்னால நான்தான் மிதிச்சேன். நீங்க இல்லை. சொன்னபடி வண்டியைத் திருப்புங்க.”

அவர் தொப்பியைக் கழற்றி மணலில் உட்கார்ந்தார். “தெரியும்” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“என் கால் அந்தரத்துல இருக்கு, என் பிரேக் தானா தரைக்குப் போகுது. ரெண்டு பிரேக் கட்டையும் ஒண்ணோட ஒண்ணு பிணைச்சிருக்குல்ல? பதறிப்போனவனுக்குத்தான் அது தெரியாது. எதிர்த்தெரு மாஸ்டர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்.”

“தெரிஞ்சுக்கிட்டேவா ‘நாமதான்’னு கனைச்சீங்க?”

“நான் ‘நான்தான்’னு சொல்லலையே. கவனிச்சியா?”

அவளுக்குக் கோபம் வந்தது, எதிர்த்தெரு மாஸ்டர் பெயரைக் கேட்டதும் இன்னும் வந்தது. “அப்ப ஏன் திருப்பலை? நிபந்தனை போட்டது நீங்கதானே! மனுஷன்னா சொல்லு சுத்தம் வேணாமா?”

கண்ணாடிக்கடைக்காரர் மணலை அள்ளினார், விட்டார். மறுபடி அள்ளினார். கடைசியில் முனகினார்.

“திருப்பத் தெரியாது.”

“என்னது?”

“எனக்கு வண்டி திருப்ப வராதும்மா. ரிவர்ஸ் எடுத்தா ஸ்டியரிங் எந்தப் பக்கம், பின்சக்கரம் எந்தப் பக்கம்னு எல்லாம் குழம்பிடுது. டெஸ்ட் அன்னைக்கு எப்படியோ வந்துச்சு. அதுக்கப்புறம் வரவே இல்லை. அந்த ஒத்தை ரோட்டுல நான் எங்க திருப்புறது?”

மணிக்கூண்டு, இரண்டு பாலம், மீன் மார்க்கெட் எல்லாம் வரிசையாக வந்து அவள் கண்முன்னால் ஒருசுற்றுச் சுற்றிவிட்டுப் போயின.

“அப்ப, ஊர் சுத்திக் காட்டினது?”

“ஊரும் பார்த்தாச்சுல்ல.”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. மாவுக்கட்டுக் கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கால் சறுக்கி, ஏறின தூரத்தில் பாதி கீழே போய்விட்டாள். அவர் இறங்கிவந்து கைகொடுக்க, ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கொண்டு மறுபடி ஏறினார்கள்.

உச்சியில் நின்று எட்டிப் பார்த்தாள். முதலாளி சொன்னது சரிதான், மணல். ஆனால் அந்த ஆள் பாதியைத்தான் சொன்னார். மேட்டுக்குப் பின்னால் மேடு, அதற்குப் பின்னால் மேடு, கண் போகிற மட்டும் ரோடே இல்லை. வளைவு இல்லை, சிக்னல் இல்லை, குறுக்கே வர ஒரு சைக்கிள் இல்லை. மிதிப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தை அவள் பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தாள். அவள் வலது கால் என்ன செய்வதென்று தெரியாமல் மணலில் சும்மா கிடந்தது. அதை அவள் கொஞ்ச நேரம் சும்மாவே விட்டாள்.

இறங்குகிறபோது இரண்டு பேரும் ஓடினார்கள். அந்தச் சரிவில் நடக்கவெல்லாம் முடியாது, ஓடத்தான் முடியும். “நிக்க முடியலைங்க!” என்று அவள் கத்தினாள். “நிக்காதே!” என்று அவர் கத்தினார். அடிவாரத்தில் போய் இரண்டு பேரும் குப்புற விழுந்தார்கள். மாவுக்கட்டுக்குள் புகுந்த மணல், கட்டுப் பிரித்த அன்றுதான் கொட்டியது.

ரோடு முடிகிற இடத்தில் வண்டி மூக்கை மணல் பக்கம் நீட்டியபடி நின்றது. இனி திருப்பாமல் ஊர் போய்ச் சேர முடியாது. இந்த நிமிஷத்தை நினைத்துத்தான் மனுஷன் இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம்.

“ஏறுங்க” என்றாள் பிரேக்கக்கா. குரலே மாறியிருந்தது. ஊரில் எத்தனையோ பேரை நடுங்கவைத்த வாத்தியார் குரல். பக்கத்து சீட்டில் ஏறினாள். சம்மணம் போடவில்லை. பாதம் இரண்டையும் தரையில் வைத்தாள். “ரிவர்ஸ் போடுங்க. ஸ்டியரிங்கைப் பார்க்காதீங்க, பின்னால பாருங்க. வண்டியோட வால் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கம் ஸ்டியரிங்கை உடைச்சுத் திருப்புங்க. மெதுவா.”

“குடும்பம் தாங்குமா?” என்றார் அவர்.

“இதுவரைக்கும் தாங்கினது தாங்கும். மெதுவான்னேன்! அது ஆக்சிலேட்டர்! பின்னால பாறை!”

வண்டி பாறையைப் பார்த்துப் பாய்ந்தது. அவள் கால் பிரேக்குக்கு மேலே வந்து அப்படியே நின்றது. சொன்ன சொல் இருக்கிறதே!

“ஏங்க, மிதிக்கட்டுமா?”

“இதைக் கேட்டுக்கிட்டா இருப்பாங்க? மிதி!”

மிதித்தாள்.