பாலத்தில் கட்டிய துணிக்கொடி

முர்தினியின் கைகள் ரப்பர் உறைக்குள் இருந்தன. இடது கையில் டயபர், வலது கையில் கோணி ஊசி. டயபரின் ஓரத்தில் ஊசியை இறக்கி, நைலான் கயிற்றோடு சேர்த்து இழுத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடிக்கக் குனிவாள். முகமூடி தடுக்கும். பிறகுதான் கத்தரிக்கோலைத் தேடுவாள். நாற்பது வருடத் தையல்காரிக்கு அந்தப் பழக்கம் போகாது.

நாங்கள் பதினொரு பெண்கள், ஆற்றங்கரைக் கைப்பந்து மைதானத்தில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். எதிரே குவியலாக டயபர். எல்லாம் பிரந்தாஸ் ஆற்றில், எங்கள் பாலத்துத் தூண்களில் சிக்கிக் கிடந்தவை. ப்ளீச்சிங் தண்ணீரில் மூன்று முறை ஊறி, நான்கு நாள் வெயிலில் காய்ந்திருந்தன. இவற்றைக் கயிற்றில் தைத்து, பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துணிக்கொடி போலக் கட்டுவது சுராபாயாவிலிருந்து வந்த ஓவியன் விபோவோவின் திட்டம்.

"இதுக்குப் பேரு கலையா, மாஸ்?" என்று ஒருத்தி அவனைக் கேட்டாள். மாஸ் என்றால் அண்ணன், இபு என்றால் அம்மா.

"ஆமா இபு. பாலத்துல போற ஒருத்தரும் இதைப் பாக்காம போகக் கூடாது."

"என் மாமியார் பாத்தா, கஞ்சி போட்டியாடின்னு கேப்பா."

"உன் மாமியார் கஞ்சி கேக்கறது துணிக்கா, அவளுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். முர்தினியும் சிரித்தாள்.

எங்கள் பக்கத்தில் டயபரை எரிக்க மாட்டார்கள். எரித்தால் அதைக் கட்டியிருந்த உடம்பு வெந்து புண்ணாகிவிடும் என்று பயம். அந்தப் புண்ணைச் சுலேத்தன் என்பார்கள். குப்பை லாரியில் போட்டாலும் எங்கேயாவது கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். ஆற்றில் போட்டால் குளிர்ச்சி. அதனால் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே பாலத்திலிருந்து வீசிவிட்டுப் போவார்கள். இதை நிறுத்த மூன்று வருடமாக அலைந்தவள் முர்தினி. பெண்கள் குழுவுக்குத் தலைவி. வீடு வீடாகப் போய்ப் பேசினாள். பாலத்தடியில் மஞ்சள் தொட்டி வைக்க வைத்தாள். போன மழைக்காலத்தில் பையும் கையுமாகப் பிடிபட்ட, எங்கள் குழுவிலேயே இருந்த லிலிக்கைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, மன்னிப்புக் கேட்க வைத்தாள். லிலிக்குக்கு அப்போது பிள்ளை பெற்று மூன்று மாதம்.

மதியம் முர்தினியின் ஊசி நின்றது.

அவள் கையில் இருந்தது பெரிய டயபர். உள்ளே மடித்துச் சுருட்டி, துணி நாடாவால் இறுக்கிக் கட்டியது. நாடா பச்சை, அதில் மஞ்சள் பூ. எங்கள் குழுவின் சீருடைத் துணி. முப்பது பேருக்கும் தைத்தவள் முர்தினி. வெட்டிய மிச்சம் அவள் கூடையில்தான் இருக்கும்.

அந்தக் கட்டு எனக்கும் தெரியும். நான் சொல்லிக் கொடுத்த கட்டு அது.

முர்தினியின் கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பாக் குரு, வாத்தியார் ஐயா. ஒவ்வொரு ஆகஸ்ட் பதினேழும் மடிப்புக் கலையாத வெள்ளைப் பேன்ட்டில், விசிலோடு, சுதந்திர தின அணிவகுப்புக்கு முன்னால் நடப்பார். ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. ஊருக்கு முர்தினி சொன்னது, "கால்ல கொஞ்சம் பலம் இல்ல, அவ்வளவுதான்." மூத்திரமும் மலமும் படுக்கையிலேயே என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நான் முதியோர் பராமரிப்புப் பயிற்சி எடுத்து, தைவானில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். எப்படித் துடைப்பது, எப்படிப் புரட்டுவது, டயபரை எப்படிச் சுருட்டிக் கட்டினால் நாற்றம் வராது என்று காட்டிக் கொடுத்தேன். எங்கே போடுவது என்று சொல்லவில்லை.

முதலில் அவள் கொல்லையில்தான் எரித்தாள். அந்த வாரம் அவருடைய இடுப்பில் புண் திறந்துகொண்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாததால் வந்த புண் அது என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு கொல்லையில் புகை வரவில்லை. விடியும் முன் கறிகாய்க் கூடையோடு பாலத்துப் பக்கம் போய், கறிகாய் இல்லாமல் திரும்பினாள். நான் என் வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். ஊருக்கு ஒன்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு ஒன்று செய்தாள். அவரைப் பற்றித் தெரிந்துவிடக் கூடாது என்பது ஒன்று, அவர் உடம்பு வேகக் கூடாது என்பது இன்னொன்று.

முர்தினி என்னைப் பார்த்தாள். "அக்கா" என்றாள், அவ்வளவுதான். நாடாவை வெட்டி முன்கட்டுத் துணியின் பைக்குள் போட்டுக்கொண்டாள். குவியலில் இருந்த மற்ற பெரிய மூட்டைகளை நான் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒன்பது நாடாக்கள். எல்லாம் அவள் பைக்குள் போயின; நாடா இல்லாத மூட்டைகளைக் கயிற்றில் தைத்தோம். யாரும் கவனிக்கவில்லை. முந்தின நாள் வேறு பெண்கள் தைத்து முடித்த பகுதியை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பாலத்தின் விளக்குக் கம்பங்களுக்கு இடையே கயிறு போயிற்று. வட்டார அதிகாரி வந்திருந்தார். நாங்கள் முப்பது பேரும் பச்சைச் சீருடையில் நின்றோம். கயிற்றின் நட்டநடுவில், விபோவோ நிறம் பார்த்துத் தேர்ந்து வைத்த மூன்று பெரிய மூட்டைகள். மூன்றிலும் பச்சை நாடா.

"ஏய், அது நம்ம சீருடைத் துணி இல்ல?"

"எது?"

"நடுவுல பாருடி. அந்தப் பெரிய மூட்டை."

"ஆத்தாடி, இவ்வளவு பெருசு எந்த யானைக்குட்டிக்கு?"

"லிலிக், உன் பையன் நல்லா வளந்துட்டான் போல!"

சிரிப்பு எழுந்தது. பிறகு ஒருத்தி சிரிக்காமலே கேட்டாள். "நீதானே சீருடைச் சட்டைக் கையை வெட்டிக் குட்டையாக்கினே? அந்தத் துணி எங்க?"

"அடுப்படிக்குப் பிடிதுணி தைச்சேன்" என்றாள் லிலிக். பிள்ளை இடுப்பில் இருந்தது. "சத்தியமா நான் இல்ல. நான் தொட்டியிலதான் போடறேன். பெரிய டயபருக்கு நான் எங்க போவேன்?"

"இரண்டு மூணைச் சேத்துக் கட்டியிருப்பே. ஒருதடவை மாட்டினவதானே நீ."

"இபு முர்தினி, தொட்டியில போடறத நீங்களே பாத்திருக்கீங்க. சொல்லுங்க இபு."

முர்தினியின் கையில் ஒலிபெருக்கி இருந்தது. வட்டார அதிகாரி காத்திருந்தார். "விசாரிப்போம்" என்றாள். அந்த ஒரு சொல் பாலம் முழுக்கக் கேட்டது. பிறகு வரவேற்புரையைப் படிக்க ஆரம்பித்தாள்.

நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். என் தலைத்துணி சரியாகத்தான் இருந்தது. அதை இன்னொரு முறை சரிசெய்துகொண்டேன். லிலிக் பிள்ளையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு வைத்த மஞ்சள் சோற்றுப் பொட்டலம் கடைசிவரை மேஜையில் கிடந்தது.

சாயங்காலம் பாக் குருவைப் புரட்டிப் படுக்க வைக்கப் போனேன். அவர் முகம் சுவரைப் பார்த்திருந்தது. முர்தினி அவர் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் புண்ணைத் துடைத்தேன்.

"நீ சொல்லியிருக்கலாம், தினி" என்றேன்.

"நீங்களும்தான் சொல்லியிருக்கலாம்."

"அது உன் வீட்டு விஷயம்."

"கட்டச் சொல்லிக் குடுத்தது யாரு? எங்க போடறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் கேக்கல."

"பின்ன என்ன? இவர் மானத்தை நான் எப்படி ஒலிபெருக்கில சொல்லுவேன்? நாளைக்குச் சின்னப் பசங்ககூட வாசல்ல நின்னு சிரிக்கும்."

"இப்ப லிலிக்கைப் பாத்து சிரிக்குது."

நோயாளியின் தலைக்கு மேல் பேசக் கூடாது என்பது பயிற்சியில் முதல் வாரப் பாடம். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம்.

"லிலிக்கா?" என்றார் பாக் குரு, சுவரைப் பார்த்தபடியே. அவர் பேச்சு குழறும். நிதானமாகக் கேட்டால் புரியும். "லிலிக்... நல்லா ஓடுவா. மாவட்டத்துல... ரெண்டாவது."

நாங்கள் கையை எடுக்காமல் நின்றோம்.

"அவளை... என்ன சொன்னே?"

"விசாரிப்போம்னு சொன்னேன்" என்றாள் முர்தினி.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முர்தினி போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள், புழுக்கமான நாளில்.

மறுநாள் விடியும் முன் முர்தினி கூடையோடு போகவில்லை. ஆறரை மணிக்குக் கூடையோடு என் வாசலில் நின்றாள். "ஏணி பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்றாள்.

முதலில் லிலிக் வீட்டுக்குப் போனோம். கதவு திறக்கவில்லை. ஜன்னல் பலகையைப் பார்த்து முர்தினி பேசினாள். "லிலிக், அது எங்க வீட்டுது. பாக் குருவோடது. ஆத்துல போட்டது நான்தான். நேத்து தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு நின்னேன். இப்ப பாலத்துல சொல்லப் போறேன்." உள்ளே பிள்ளை சிணுங்கியது. சிறிது நேரம் நின்றுவிட்டு நடந்தோம்.

பாலத்தில் பள்ளிப் பிள்ளைகளும் தொழிற்சாலை மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடிக்கும் நேரம். மசூதியில் இரவல் வாங்கிய ஏணியைக் கம்பத்தில் சாய்த்து நான் பிடித்துக்கொண்டேன். முர்தினி ஏறினாள். முன்கட்டுப் பையிலிருந்து முதல் நாடாவை எடுத்து, நாங்கள் நாடா வெட்டிய பெரிய மூட்டையில் திரும்பச் சுற்றித் தைத்தாள்.

ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்தது. "என்ன இபு, யாரோடது அது?"

"என் வீட்டுக்காரரோடது. நான்தான் வீசினேன். லிலிக் இல்ல."

அடுத்தவன் கேட்டபோதும் அதையே சொன்னாள். கேட்காமல் முறைத்தவர்களிடமும் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். சிலர் வண்டியை முடுக்கிக்கொண்டு போனார்கள். சந்தைக்குப் போகும் ஒருத்தி என்னிடம், "நீங்க எதுக்கு ஏணியைப் பிடிச்சிட்டு நிக்கறீங்க?" என்று கேட்டாள்.

"கட்டச் சொல்லிக் குடுத்தது நான்" என்றேன். "போற இடமும் தெரியும்."

கம்பம் கம்பமாக ஏணியை நகர்த்தி, ஒன்பதாவது நாடாவை முடித்து முர்தினி நூலைப் பல்லால் கடித்தாள். கீழே இறங்கி, கூடையிலிருந்து அன்றைய மூட்டையை எடுத்தாள். குப்பை லாரிக்குப் போகும் மஞ்சள் தொட்டியின் மூடியைத் திறந்து, மூட்டையை உள்ளே பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விரலை விட்டாள்.

எட்டு மணிக்கு அவரைப் புரட்ட வேண்டும். ஏணியை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.